போரிக் பவுடர் தின்ற ஆறரை அங்குல இரும்பு: டேவிஸ்-பெஸ்ஸி பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

#1 கரிக்கோடு

கேரம் ஆடியவர்களுக்குப் போரிக் பவுடர் தெரியாமல் இருக்காது. போர்டில் ஒரு சிட்டிகை தூவினால் ஸ்ட்ரைக்கர் வழுக்கிக்கொண்டு ஓடும். எங்கள் வீட்டில் மிச்சப் பவுடரைச் சர்க்கரையோடு பிசைந்து கரப்பானுக்கு வைப்பார்கள். இதே சரக்கு 2002இல் அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், உலைக் கலனின் மூடியை ஓரிடத்தில் ஏறக்குறைய முழு ஆழத்துக்கும் தின்றிருந்தது தெரியவந்தது.

இதைப் போன்ற அழுத்த நீர் உலைகளில் நியூட்ரான்களை உறிஞ்சுவதற்காக, உலைக்குள் ஓடும் நீரில் போரிக் அமிலம் கலந்திருப்பார்கள். மூடி என்பது ஆறரை அங்குல கனமுள்ள சாதாரண கார்பன் எஃகு. உட்புறம் துரு ஏறாமல் இருக்க ஒரு செ.மீ.கூட இல்லாத ஸ்டெயின்லெஸ் பூச்சு. கட்டுப்பாட்டுக் கம்பிகள் போய்வர அந்த மூடியில் 69 குழாய்கள் துளைத்துச் செருகப்பட்டிருக்கும். அதில் 3ஆம் எண் குழாயில் விரிசல். அதன் வழியாகக் கசிந்த நீர் வெளியே ஆவியாகி, அமிலம் மட்டும் மூடிமேல் தங்கியது. கடைசியில் பார்த்தால் ஓர் அன்னாசிப்பழம் உட்காரும் அளவுக்குப் பள்ளம். ஆறரை அங்குல எஃகு அங்கே இல்லவே இல்லை. உள்ளே ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்தில் இருந்த நீரை அந்த மெல்லிய உட்பூச்சு மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் லேசாகப் புடைத்திருந்தது. அழுத்தத்தைத் தாங்குவதற்காகப் போட்ட பூச்சே இல்லை அது.

துருவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இது பல வருடங்கள் நடந்த வேலை. அத்தனை வருடமும் அங்கே ஆட்கள் இருந்தார்கள், பார்த்தார்கள், துடைத்தார்கள். துடைத்தவர்களுக்கு "இது எங்கிருந்து வருகிறது" என்று ஏன் தோன்றவில்லை? அல்லது தோன்றியும் ஏன் நிற்கவில்லை? அதைப் பேசத்தான் இந்த இழை.

#2 நெல்லைவாசி

மறுபடியும் இதா? மூடி தாங்கியது. ஒரு துளி கதிர்வீச்சு வெளியே போகவில்லை. ஒருவரும் சாகவில்லை. ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்ததும் அந்த ஆலை ஆட்கள்தான். நிலக்கரிப் புகையில் வருடா வருடம் போகிற உயிருக்கு யாராவது இழை தொடங்குகிறார்களா?

இன்னொன்று. பழைய ஆலை, அதனால்தான் துரு என்று யாராவது ஆரம்பிப்பார்கள். 1977இல் உரிமம் பெற்ற ஆலை அது. 2002இல் வயது 25. அதைக் கிழம் என்று சொன்னால் எனக்கும் கோபம் வரும்.

#3 ஏரிக்கரையான்

நான் டொலிடோ பக்கம் இருக்கிறேன். ஈரி ஏரிக் கரையில் குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்தால் அந்தக் கூலிங் டவர் தெரியும். 150 மீட்டர் உயரம், எங்கிருந்தும் தப்பாது. அதனால் இந்தக் கதையை இங்கே வந்த புதிதில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன்.

நெல்லைவாசி, "கண்டுபிடித்தது ஆலை ஆட்கள்தான்" என்பதை அப்புறம் எடுத்துக்கொள்வோம். முதலில் கரிக்கோடு கேட்டது.

உலை இருக்கும் கட்டடத்துக்குள் காற்றைக் குளிர்விக்கும் கருவிகள் உண்டு. 1998 கடைசியிலிருந்து அவற்றின் மேல் போரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொண்டே இருந்தது. சில மாதங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட தடவை கழுவினார்கள். கழுவியதும் வேலை செய்தது. சரி, முடிந்தது.

காற்றில் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் ஃபில்டர் மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். 1999இல் அது சில நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதாகிவிட்டது. எடுத்த ஃபில்டரில் செம்பழுப்புத் தூள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் இரும்பு ஆக்சைடு என்று பதில் வருகிறது. இரும்பு! மூடிய கட்டடத்துக்குள் காற்றில் துரு பறக்கிறது என்றால் உள்ளே ஏதோ இரும்பு கரைகிறது என்றுதானே அர்த்தம்? செய்தது என்ன தெரியுமா, காற்றைச் சுத்தம் செய்யப் பெரிய ஃபில்டர் எந்திரங்களைக் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள்.

2000 ஏப்ரலில் எரிபொருள் மாற்ற நிறுத்தியபோது எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மூடியைச் சுற்றி ஒரு கூடு, அதன் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆலையில் அதற்குப் பெயரே எலிவளை. அந்த எலிவளைகளிலிருந்து துருச் சிவப்பில் குழம்பு வழிந்து உறைந்த மாதிரி நிற்கிறது. வெள்ளைப் பொருள் சிவப்பாகியிருக்கிறது. கடப்பாரை வைத்துப் பெயர்த்தார்கள், வெந்நீர் பீய்ச்சினார்கள், நேரம் போதவில்லை, முழுக்கப் போகவில்லை. வேலை முடிந்ததாக எழுதிவிட்டு உலையை ஓட்டினார்கள். அந்தப் படம் அவர்கள் கோப்பிலேயே இருந்தது.

#4 பாய்லர் மணி

தம்பி ஏரிக்கரை, அந்தப் படத்தைப் பார்த்த உடனே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் அணு உலை பார்த்தவன் இல்லை. அனல்மின் நிலையத்தில் பாய்லர் மெயின்டனன்ஸ், முப்பத்திரண்டு வருஷம். எந்த ஊர், எந்த நிலையம் என்று கேட்காதீர்கள்.

ஓவர்ஹால் என்றால் இத்தனை நாளில் யூனிட் கிரிட்டுக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே தேதி எழுதிப் போட்டுவிடுவார்கள். பாய்லருக்குத் தண்ணீர் போகிற ஃபீட் லைனில் குழாயின் திக்னஸ் எடுக்கிற வேலை என் குழுவுக்கு. தரையிலிருந்து எட்டுகிற இடத்தில் எல்லாம் கருவியை வைத்து ஒழுங்காகவே எடுப்போம். மேலே பதினைந்து அடி உயரத்தில் ஒரு எல்போ, அதாவது குழாய் வளைகிற இடம். அதற்குச் சாரம் கட்டணும். சாரம் கட்டுகிற ஒப்பந்தக்காரன் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பான். நான்கு நாள் கேட்டுப் பார்ப்போம். ஐந்தாம் நாள் போன வருஷத்து ரிஜிஸ்டரைத் திறந்து, 11.2 மி.மீ. என்றிருந்தால் 11.1 என்று எழுதுவோம். அதே எண்ணை எழுதினால் மேலே கேட்பார்கள் பாருங்கள், அதனால் ஒரு புள்ளி குறைத்து. நானும் எழுதியிருக்கிறேன். அந்த எல்போவுக்கு எங்களுக்குள் ஒரு பெயரே இருந்தது: "மாமனார்". வருஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு வந்துவிடுவோம்.

அதனால் "ஏன் தோன்றவில்லை" என்று கேட்காதீர்கள் கரிக்கோடு. தோன்றும். சாரம் யார் கட்டுவது?

#5 செவ்வந்தி

மணி அண்ணா, நீங்கள் இதைச் சொன்னதற்கே நன்றி சொல்லணும்.

நான் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். டேவிஸ்-பெஸ்ஸி ஆட்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது, அவர்கள் ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள். உலர்ந்த போரிக் பவுடர் இரும்பை ஒன்றும் செய்யாது. உங்கள் கேரம் டப்பா வருடக்கணக்கில் அப்படியே இருக்கிறது இல்லையா? ஓடுகிற உலையின் மூடி 300 பாகைக்கு மேல் சூடு. கசிகிற நீர் பட்ட நொடியில் ஆவியாகும், உலர்ந்த தூள் மிஞ்சும், அதனால் ஆபத்தில்லை. இது கேட்க நியாயமான வாதம்தான். கசிவு மிகச் சிறியதாக இருக்கும்வரை உண்மையும்கூட.

கசிவு கொஞ்சம் கூடும்போது கதை மாறுகிறது. ஆவியாகும் நீர் சுற்றியுள்ள எஃகின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்குதான். அந்த இடம் மட்டும் குளிர்ந்து, ஈரம் நின்று, மேலே இறுகிய அமிலப் படிவம் ஒரு மூடி மாதிரி ஈரத்தைக் காப்பாற்றும். அடியில் செறிந்த அமிலக் குழம்பு. அதில் கார்பன் எஃகு வருடத்துக்கு அங்குலக் கணக்கில் கரையும். மேலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? காய்ந்த வெள்ளைக் கட்டி.

இதை இத்துறையில் யாரும் முன்பு அறியாமல் இல்லை. போரிக் அமில அரிப்பு பற்றி 1988இலேயே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் எல்லா ஆலைகளுக்கும் கடிதம் எழுதி, கசிவு கண்டால் எங்கிருந்து என்று தேடும் திட்டம் வைக்கச் சொல்லியிருந்தது. டேவிஸ்-பெஸ்ஸியிடமும் அந்தத் திட்டம் காகிதத்தில் இருந்தது.

#6 சும்மா

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு என் கேரம் போர்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். ஆணிகள் நலம்.

சீரியஸாக ஒரு கேள்வி. கசிவு என்றால் தண்ணீர் குறையுமே? மீட்டரில் காட்டாதா?

#7 ஏரிக்கரையான்

காட்டும், காட்டியது. எங்கிருந்து என்று தெரியாத கசிவு நிமிடத்துக்கு ஒரு கேலன் வரை, அதாவது நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, விதி அனுமதிக்கிறது. இவர்களுடையது அந்த எல்லைக்கு வெகு கீழேயே இருந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல், ஆனால் விதிக்குள்.

இப்போது "கண்டுபிடித்த" கதை. 2002 மார்ச் முதல் வாரம். 3ஆம் குழாயில் விரிசல் இருப்பது சோதனையில் தெரிந்து, அதைச் சரிசெய்ய எந்திரம் இறக்கிக் கடைந்துகொண்டிருந்தார்கள். பள்ளத்தைத் தேடி யாரும் போகவில்லை. கடையும்போது எந்திரம் அசைகிறது, நிறுத்தி வெளியே எடுக்கிறார்கள். எடுத்தால் அந்தக் குழாய் சாய்ந்து பக்கத்துக் குழாயின் மேல் போய் நிற்கிறது. ஆறரை அங்குல எஃகுக்குள் இறுகச் செருகிய குழாய் அது. பல் ஆடுகிற மாதிரி ஆடினால் ஈறு இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் படிவத்தை முழுக்கக் கழுவிவிட்டுப் பார்த்தார்கள்.

#8 கரிக்கோடு

மணி அண்ணா, "சாரம் யார் கட்டுவது" என்ற உங்கள் கேள்விக்கு அங்கேயும் ஒரு சாரம் இருந்தது. மூடியைச் சுற்றிய கூட்டில் பெரிய ஜன்னல்கள் வெட்டினால் உள்ளே கை விட்டுப் பார்க்கலாம், ஒழுங்காகக் கழுவலாம். 1990இலேயே இந்த யோசனை எழுத்தில் வந்துவிட்டது. அடுத்த நிறுத்தத்தில், அதற்கடுத்த நிறுத்தத்தில் என்று தள்ளித் தள்ளிப் பன்னிரண்டு வருடம் ஓடியது. அதே வடிவமைப்புக் கொண்ட மற்ற ஆலைகளில் பெரும்பாலானவை வெட்டிவிட்டன. இவர்கள் எலிவளை வழியாகக் குச்சியில் கேமரா கட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆணையத்தின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2001இல் தென் கரோலினாவின் ஒகோனி ஆலையில் இதே வகைக் குழாயில் சுற்றுவட்டமாக விரிசல் கண்டார்கள். அப்படிச் சுற்றி வந்தால் குழாய் துண்டித்துக்கொண்டு பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பிவிடும். அந்த ஆகஸ்டில் ஆணையம் சுற்றறிக்கை விட்டது: ஆபத்து அதிகமுள்ள ஆலைகள் டிசம்பர் 31க்குள் சோதிக்க வேண்டும். டேவிஸ்-பெஸ்ஸி, எங்கள் எரிபொருள் மாற்றம் 2002 மார்ச் இறுதியில், அதுவரை பொறுங்கள் என்றது. ஆணைய ஊழியர்கள் உலையை நிறுத்தும் ஆணையையே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். அது கையெழுத்தாகி வெளியே போகவில்லை. பேரம் பேசிப் பிப்ரவரி 16க்கு ஒத்துக்கொண்டார்கள்.

ஆணையத்தின் சொந்தத் தணிக்கைத் தலைவர் அலுவலகம் 2002 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. இந்த இளக்கத்துக்குப் பெரும் காரணம், நிறுவனத்துக்கு வரும் பண நட்டத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் என்று அதில் இருக்கிறது. ஆபத்து இருக்கிறது என்று முழுசாக நிரூபித்தால்தான் நிறுத்துவேன் என்று ஆணையம் தன் தலையில் தானே சுமை ஏற்றிக்கொண்டது என்றும். பத்திரம் என்று நிரூபிக்க வேண்டியவன் ஆலைக்காரன் அல்லவா?

#9 நெல்லைவாசி

சரி, பிப்ரவரிப் பேரம் அசிங்கம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் "பழைய ஆலை, பராமரிப்பு இல்லை, துரு" என்று ஒரே மூச்சில் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரான்ஸைப் பாருங்கள். 2021 கடைசியில் சிவோ ஆலையில் அவசரக் குளிர்விப்புக் குழாய்களின் பற்றவைப்பு ஓரத்தில் விரிசல் கண்டார்கள். அழுத்தமும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் விரிசல். சிவோ அவர்களிடம் இருந்ததிலேயே புதிய வரிசை. கிழட்டு 900 மெகாவாட் உலைகளில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. குழாய் வளைந்து போகும் அமைப்பு மாறியதால் சூடான நீரும் குளிர்ந்த நீரும் அடுக்கடுக்காக நின்று குழாயை முறுக்கியிருக்கிறது. வயதுக்கு இதில் வேலையே இல்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? வழக்கமான பத்தாண்டுச் சோதனையில் அல்ட்ராசோனிக் சமிக்ஞை விசித்திரமாக இருந்தது. குழாயை அறுத்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். உறுதியானதும் அதே வகை உலைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஐரோப்பா எரிவாயு இல்லாமல் தவித்த 2022இல்! அந்த வருடம் அவர்கள் அணு மின்சாரம் 279 டெராவாட் மணி, முப்பது வருடங்களில் ஆகக் குறைவு. நட்டம் பார்க்காமல் நிறுத்த முடியும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#10 செவ்வந்தி

நல்ல எடுத்துக்காட்டு, நெல்லைவாசி. இதில் எனக்குப் பிடித்த சொல் "அறுத்து எடுத்து".

மணி அண்ணாவின் "மாமனார்" எல்போவைப் படித்ததிலிருந்து ஜப்பானின் மிஹாமா நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஃபுக்குய் மாகாணம், கன்சாய் மின் நிறுவனத்தின் 3ஆம் உலை. 2004 ஆகஸ்ட் 9. டர்பைன் கட்டடத்தில், அதாவது கதிர்வீச்சே இல்லாத பக்கத்தில், 56 செ.மீ. விட்டமுள்ள நீர்க்குழாய் வெடித்தது. 140 பாகைச் சூட்டில் நீரும் ஆவியும். ஐந்து பேர் இறந்தார்கள், ஆறு பேருக்குக் காயம். எல்லாரும் ஒப்பந்த ஊழியர்கள். உலை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சில நாளில் தொடங்கவிருந்த வருடாந்திர நிறுத்தத்துக்காகச் சாமான்களை முன்கூட்டியே எடுத்துவைக்க உள்ளே போயிருந்தார்கள். நிறுத்த நாட்களைச் சுருக்க அப்படி ஒரு வழக்கம்.

குழாயின் கனம் புதிதாக இருக்கும்போது 10 மி.மீ. வெடித்த இடத்தில் மிக மெலிந்த புள்ளி 0.4 மி.மீ. நோட்டுப் புத்தக அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். 1976இல் ஓடத் தொடங்கியதிலிருந்து 28 வருடம் அந்த இடத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை. ஏனென்றால் அளக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் அது விடுபட்டுப் போனது. 2003இல் விடுபட்டதைக் கவனித்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எப்போது அளப்பதாக? அந்த ஆகஸ்ட் நிறுத்தத்தில்.

அங்கே அமிலம் எதுவும் இல்லை. ரொம்பச் சுத்தமான நீர். எஃகின் உட்புறம் மெல்லிய கறுப்பு ஆக்சைடு படலம் இருக்கும், அதுதான் எஃகுக்குக் கவசம். ஆக்சிஜன் நீக்கிய சுத்த நீர் 140 பாகை வாக்கில் வேகமாக ஓடும்போது அந்தப் படலத்தைக் கரைத்துக்கொண்டே போகும். ஓட்டத்தை அளக்க வைத்த துளைத்தகட்டுக்கு அடுத்த இடத்தில் நீர் சுழித்து இன்னும் மோசமாகக் கரைக்கும். எஃகில் கொஞ்சம் குரோமியம் கலந்திருந்தாலே இது அடங்கிவிடும். 1986 டிசம்பரில் அமெரிக்காவின் சர்ரி ஆலையில் இதே மாதிரி எல்போ வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். ஜப்பான்காரர்கள் பட்டியல் போடத் தொடங்கியதே அதைப் பார்த்துத்தான்.

#11 பாய்லர் மணி

படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை.

அண்ணன் ஒருத்தர் இருந்தார், எனக்கு முந்தைய ஷிஃப்ட். ஒரு ஓவர்ஹாலில் அவரே மூங்கில் கட்டிக்கொண்டு ஏறி மாமனாரை அளந்தார். ரிஜிஸ்டரில் 10.8 இருந்த இடத்தில் வெளிவளைவில் 6.3 வந்தது. அவரைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள் என்று நினைக்கிறீர்களா? பெர்மிட் இல்லாமல் ஏறியதற்கு மெமோ. எல்போவை மாற்றினார்கள், அது வேறு. அன்றிலிருந்து நான் எட்டாத இடத்துக்கு எண் எழுதவில்லை, "எடுக்கவில்லை" என்று எழுதினேன். அதற்கும் மெமோ வந்தது. நெல்லைவாசி தம்பி, பிரான்ஸ்காரன் மாதிரி அறுத்து எடுக்க அனுமதி கொடுக்கிற அதிகாரியின் கீழ் ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

#12 தெற்குத்தெரு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கல்பாக்கம் உலைகளிலும் இந்தப் போரிக் அமிலப் பிரச்சினை வருமா?

#13 செவ்வந்தி

அப்படியே வராது. அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் கனநீர் வகை. இப்படித் தலையில் பெரிய மூடி போட்ட ஒற்றைக் கலனே கிடையாது, நூற்றுக்கணக்கான படுக்கைக் குழாய்கள்தான். எரிபொருளைச் சுற்றி ஓடும் நீரிலும் போரிக் அமிலம் இல்லை. அந்த வகையின் நோய்கள் வேறு: குழாய்கள் தொய்வது, ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வருவது, நீர் கொண்டுவரும் ஃபீடர் குழாய்கள் மிஹாமா பாணியில் மெலிவது. கல்பாக்கத்தில் 2000களின் முற்பகுதியில் இரண்டு உலைகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திக் குழாய்களைக் கூண்டோடு மாற்றினார்கள். குஜராத்தின் காக்ராபாரில் 2016 மார்ச் 11 அன்று ஒரு குழாய் கசிந்தது, அதற்குக் காரணம் குழாயின் வெளிப்புறத்தில் வந்த அரிப்பு. அது தனி இழைக்கான விஷயம்.

#14 சும்மா

டேவிஸ்-பெஸ்ஸியில் கடைசியில் யார் மாட்டினார்கள்?

#15 கரிக்கோடு

நிறுவனத்துக்கு ஆணையம் 2005இல் 54.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது, அதுவரை இல்லாத பெரிய தொகை. 2006இல் நீதித்துறையோடு 2.8 கோடி டாலருக்கு உடன்பாடு. ஆலை இரண்டு வருடம் மூடிக் கிடந்ததில் ஆன செலவு சுமார் 60 கோடி டாலர். அதற்கு முன்னால் இந்த அபராதம் சில்லறை. ஆணையத்திடம் தவறான தகவல் கொடுத்ததாக வழக்கில் நின்றது மூன்று பேர், இருவர் குற்றவாளி, சிறை இல்லை. நிறுத்தத்தின் நாட்களைக் கணக்குப் போட்ட மேல்மாடியிலிருந்து ஒருவரும் அந்தக் கூண்டில் ஏறவில்லை. மணி அண்ணாவின் மெமோ கீழேதான் போகும், மேலே போகாது.

#16 நெல்லைவாசி

சரி, சரி. அந்த மூடியை மாற்றிவிட்டார்கள் இல்லையா? இப்போது ஓடுகிறது, 2037 வரை உரிமமும் வாங்கிவிட்டார்கள். கதை சுபம்.

#17 ஏரிக்கரையான்

சுபம்தான், கொஞ்சம் பொறுங்கள். 

மிச்சிகனில் மிட்லாண்ட் என்று ஓர் ஆலை, கட்டி முடிக்காமலே கைவிட்டது. அங்கே உபயோகிக்காத மூடி ஒன்று கிடந்தது. அதை வாங்கிப் போட்டு 2004 மார்ச்சில் உலையை ஓட்டினார்கள். ஆனால் குழாய்கள் அதே பழைய உலோகக் கலவை. 2010இல் பார்த்தால் அதிலும் விரிசல், ஆறே வருடம். சரி என்று மேம்பட்ட கலவையில் புது மூடி செய்து 2011 அக்டோபரில் மாற்றக் கிளம்பினார்கள். அவ்வளவு பெரிய மூடி கதவு வழியாகப் போகாது. அதனால் உலையைச் சுற்றியுள்ள கான்கிரீட் காப்புச் சுவரில் வழி வெட்டினார்கள். வெட்டிய ஓரத்தில் பார்த்தால் கான்கிரீட்டுக்குள் மெல்லிய விரிசல் ஓடுகிறது. வேறு இடங்களிலும் துளை போட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் இருந்தது.

நிறுவனம் கண்டுபிடித்துச் சொன்ன காரணம்: 1978 ஜனவரியில் இங்கே ஒரு பயங்கரப் பனிப்புயல். ஈரம் சுவருக்குள் இறங்கி உறைந்து பிளந்திருக்கிறது. வளாகத்தில் மற்றக் கட்டடங்களுக்கு வெளிப்பூச்சு இருந்தது, இந்தச் சுவருக்கு மட்டும் அடிக்கவில்லை. 2012இல் அடித்தார்கள்.

#18 பாய்லர் மணி

முப்பத்திநாலு வருஷம் கழித்துப் பெயின்ட்டா? சாரம் கிடைத்திருக்காது, பாவம்.